பழைய பி.சி.ஜியா, மரபணு மாற்றிய பி.சி.ஜியா? சிறுநீர்ப்பைப் புற்றில் எதை எப்போது தேர்வது

சிறுநீரில் ரத்தம் போனது, டியூப் விட்டுப் பார்த்தார்கள், கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஹை கிரேடு’ (வேகமாக வளரக்கூடிய வகை), ‘டி1’ (உட்பூச்சுக்கு அடியில் இறங்கியது), ‘சி.ஐ.எஸ்’ (உட்பூச்சிலேயே தட்டையாகப் படர்ந்தது) என்று ஏதோ ஒன்று எழுதியிருக்கிறது. தசைக்குள் இறங்கவில்லை என்பது மட்டும் நிம்மதி. அடுத்து வாரம் ஒருமுறை மூத்திரப் பைக்குள் பி.சி.ஜி விட வேண்டும் என்கிறார் யூராலஜிஸ்ட். குழந்தை பிறந்ததும் கையில் போடுவார்களே, அதே கிருமிதான், அளவு மட்டும் பல மடங்கு. அன்று மாலையே வீட்டில் யாராவது ஒருவர் போனில் தேடி, “இதில் மரபணு மாற்றிய புதுசு ஒன்று வந்திருக்காமே, அதுக்குக் காத்திருக்கலாமா?” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை பி.சி.ஜியே போடாதவர், புதியதற்காக ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. பி.சி.ஜி முழுமையாகப் போட்டும் நோய் திரும்பியவருக்கு, மாற்றிய கிருமி யோசிக்கத் தகுந்த ஒரு வழி. ஆனால் அது கையெட்டும் தூரத்தில் இருக்கும் வழி அல்ல, பெரும்பாலும் ஆய்வு வழியாகத்தான் கிடைக்கும். இந்த இரு நிலைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் குடும்பங்கள் தவிக்கின்றன.

பி.சி.ஜி காசநோய்க்காகப் பிறந்தது. பிரான்சின் லீல் நகரில் ஆல்பர் கால்மெட்டும் காமில் கேரனும் மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கும் பித்தநீரும் கிளிசரினும் சேர்ந்த ஊடகத்தில் 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறைக்கு மேல், திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்தார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அதைக் கொண்டுவந்தவர் கனடாவின் கிங்ஸ்டனில் இருந்த அல்வாரோ மொராலெஸ். 1976இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இருந்த நோயாளிகள் ஒன்பதே பேர். வாரம் ஒன்று என ஆறு வாரம் என்பது அவர் வகுத்த முறை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆகிறது, இன்றும் உலகம் முழுக்க அந்த ஆறு வாரம்தான். அமெரிக்காவில் 1990இல் அங்கீகாரம் கிடைத்தது.

அது வேலை செய்யும் விதம் விசித்திரமானது. கிருமி புற்று செல்லை நேராகத் தாக்குவதைவிட, சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, செல்களுக்குள் புகுந்து, அங்கே ஓர் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. நியூட்ரோபில், மேக்ரோபேஜ், டி செல், இயற்கைக் கொல்லி செல் என்று நோய் எதிர்ப்பு செல்களின் ஊரே கூடிவிடுகிறது. கிருமியைத் தேடி வந்தவை, பக்கத்தில் இருக்கும் புற்று செல்லையும் அடையாளம் கண்டு அடிக்கின்றன. எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் லேசான காய்ச்சலும் வருவது இதனால்தான். மருந்து வேலை செய்வதன் கூலி அது.

இதில் ஒரு சிறு கிளைக்கதை. 1968இல் செங்கல்பட்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பி.சி.ஜியைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே பல ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு. “செங்கல்பட்டிலேயே தோற்ற மருந்தைப் புற்றுக்கு ஏன் போடுகிறார்கள்?” என்று யாராவது கேட்டால் பதில் எளிது. அங்கே எதிர்பார்த்தது ஆண்டுக்கணக்கில் உடல் முழுக்க நிற்கும் பாதுகாப்பு. இங்கே வேண்டுவது ஒரு சிறு பைக்குள், அந்த நேரத்துக்கு, ஒரு கலவரம். இரண்டும் வேறு வேலைகள்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம்.

முதல் தேர்வு, சாதாரண பி.சி.ஜி. அதை யாரும் ஓரம் கட்டாததற்குக் காரணம் ஆதாரத்தின் கனம். டொனால்டு லாம் தலைமையில் நடந்து 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆறு வாரத்தோடு நிறுத்துவதையும், பிறகு மூன்று ஆண்டுகளுக்கு அவ்வப்போது மூன்று மூன்று வாரம் தொடர்வதையும் ஒப்பிட்டது. நோய் திரும்பாத இடைக்காலம் முதல் குழுவில் சுமார் 36 மாதம், இரண்டாவது குழுவில் 77 மாதம். இரட்டிப்புக்கும் மேல். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை: மூன்று ஆண்டுத் தவணை அனைத்தையும் முடித்தவர்கள் 16 விழுக்காடுதான். என் பார்வையில், ‘பி.சி.ஜி வேலை செய்யவில்லை’ என்று சொல்லப்படுவதில் ஒரு பெரிய பங்கு ‘பி.சி.ஜி முழுசாகப் போடவில்லை’ என்பதே. எரிச்சல் தாங்காமல் நடுவில் நிறுத்தியவர், மருந்து கிடைக்காமல் மூன்று மாதம் தள்ளிப்போனவர், ஆறோடு ‘சரியாயிடுச்சு’ என்று போனவர் எல்லோரும் இந்தக் கணக்கில் சேர்கிறார்கள்.

எரிச்சலுக்குப் பயந்து அளவைக் குறைக்கச் சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி. 1,355 பேரைச் சேர்த்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று முழு அளவையும் மூன்றில் ஒரு பங்கையும், ஓர் ஆண்டையும் மூன்று ஆண்டையும் ஒப்பிட்டது. அளவைக் குறைத்ததால் பக்கவிளைவு குறையவில்லை. அதிக ஆபத்துள்ளவர்களிடம் முழு அளவு மூன்று ஆண்டு கொடுத்ததில் நோய் திரும்புவது குறைந்தது. ஆயினும் நோய் முற்றுவதிலோ உயிரிழப்பிலோ வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ஓர் ஆண்டு முடித்து மேற்கொண்டு தாங்க முடியாத ஒருவர், நிறுத்தியதற்காகத் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

பழைய பி.சி.ஜியின் உண்மையான பலவீனங்கள் மூன்று. உயிருள்ள கிருமி என்பதால் அபூர்வமாக ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவலாம். அப்படி நேர்ந்தால் காசநோய் மாத்திரைகளே மருந்து, ஆனால் மாட்டுக் கிருமியின் வம்சம் என்பதால் பைராசினமைடு மட்டும் அதனிடம் எடுபடாது. இரண்டாவது, தட்டுப்பாடு. கனடாவின் டொரன்டோவில் இருந்த சனோஃபி ஆலை 2011இல் வெள்ளத்தாலும் தொடர்ந்த தூய்மைச் சிக்கல்களாலும் நின்று நின்று ஓடி, 2017வாக்கில் உற்பத்தியையே கைவிட்டது. அமெரிக்கா முழுக்க ஒரே ஒரு நிறுவனத்தின் குப்பியை நம்பி நின்றது. இந்தியாவுக்குப் புனேயின் சீரம் நிறுவனம் இருப்பதால் நாம் அந்த அளவுக்கு அவதிப்படவில்லை. மூன்றாவது பலவீனம்தான் நம் பொருளுக்கு முக்கியம்: கணிசமான பேருக்கு, எல்லாம் சரியாகச் செய்தும், புற்று திரும்புகிறது.

அங்கேதான் மாற்றி அமைத்த கிருமி நுழைகிறது. இப்போது முன்னணியில் நிற்பது வி.பி.எம்1002. பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்றுயிரியல் நிறுவனத்தில் ஸ்டெஃபான் காஃப்மன் குழு உருவாக்கியது. காசநோய்க்கு மேலான தடுப்பூசி ஒன்று தேடித்தான் அவர்களும் புறப்பட்டார்கள்.

அதன் நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எது ‘மாற்றம்’ என்று தெரியாமலேயே பலர் பயப்படுகிறார்கள். நம் மேக்ரோபேஜ் செல் ஒரு கிருமியை விழுங்கினால், அதை ஒரு சிறு பைக்குள் அடைத்து, பைக்குள் அமிலத்தைக் கூட்டிக் கொல்லப் பார்க்கும். பி.சி.ஜி அங்கே யூரியேஸ் என்ற நொதியால் அம்மோனியா சுரந்து அமிலத்தைத் தணித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பையை விட்டு வெளியே வராததால், அதன் துண்டுகள் பெரும்பாலும் சி.டி4 வகை டி செல்களின் கண்ணில்தான் படுகின்றன. புற்று செல்லை நேரே கொல்லும் சி.டி8 வகைக்குச் செய்தி போவது குறைவு. காஃப்மன் குழு இரண்டு காரியம் செய்தது. யூரியேஸ் மரபணுவை எடுத்துவிட்டார்கள். லிஸ்டீரியா என்ற வேறொரு பாக்டீரியாவிடமிருந்து, சவ்வில் ஓட்டை போடும் லிஸ்டீரியோலைசின் என்ற புரதத்தின் மரபணுவைச் சேர்த்தார்கள். அந்தப் புரதம் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும்; அமிலம் தணியாமல் இருக்கவே யூரியேஸை நீக்கியது. இப்போது பை ஓட்டையாகிக் கிருமியின் துண்டுகள் செல்லுக்குள் கசிகின்றன, செல் தானாகவே மடிகிறது, அந்தச் சிதறலைப் பக்கத்துச் செல்கள் பொறுக்கி சி.டி8 படைக்கும் காட்டுகின்றன. ஓட்டை போடும் புரதம் செல்லின் திரவத்துக்குள் வந்ததும் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் கண்டபடி நாசம் செய்வதில்லை.

‘மரபணு மாற்றியது’ என்றதும் இன்னும் கொடியது என்று தோன்றும். இங்கே திசை எதிர். நோய் எதிர்ப்பு அறவே இல்லாத எலிகளில்கூட இது சாதாரண பி.சி.ஜியைவிடச் சாதுவாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்குத் தோலில் போட்டபோதும் ஊசி போட்ட இடத்து உபாதைகள் குறைவு. நம் நாட்டிலும் காசநோய்க்காகப் பெரிய அளவில் சோதித்தார்கள். தயாரிப்பது அதே சீரம் நிறுவனம்.

சரி, சிறுநீர்ப்பையில்? சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் சிறில் ரென்ச் குழு நடத்திய ஆய்வே இதுவரை நமக்குள்ள முதன்மைச் சான்று. முதலில் ஆறு பேரிடம் பாதுகாப்பைப் பார்த்தார்கள். பிறகு, பி.சி.ஜி போட்டும் நோய் திரும்பிய சுமார் நாற்பது பேருக்கு ஆறு வாரமும் தொடர்ந்து ஓர் ஆண்டு வரை பராமரிப்புத் தவணைகளும் கொடுத்தார்கள். 60 வாரம் கழித்துச் சிறுநீர்ப்பையில் நோய் திரும்பாதவர்கள் ஏறத்தாழ பாதி. மூன்று ஆண்டு முடிவில் 44 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. ஒருமுறை பி.சி.ஜி தோற்ற பிறகு, சிறுநீர்ப்பையை வெட்டாமல் மூன்றாண்டு இப்படிக் கடத்த முடிந்தது என்றால் அது லேசான செய்தி அல்ல. அதே சமயம் நாற்பது பேர்தான், ஒப்பிட வேறு குழுவும் கிடையாது. பழைய பி.சி.ஜியையே இன்னொரு சுற்றுப் போட்டிருந்தால் இவர்களில் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்க்காதவரை ‘புதியது மேல்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2025 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இம்யூனிட்டிபயோ நிறுவனம் வழியாகச் சீரம் தயாரிக்கும் மரபணு மாற்றிய பி.சி.ஜியை அங்குள்ள நோயாளிகளுக்குக் கொடுக்க அனுமதித்தது. இது முழு அங்கீகாரம் அன்று. பழைய குப்பி கிடைக்காத தட்டுப்பாட்டைச் சமாளிக்கத் திறந்த சிறப்பு வாசல். “அமெரிக்காவிலேயே அனுமதிச்சாச்சு” என்று பரவும் செய்தியை இந்த வேறுபாட்டோடு படிக்க வேண்டும்.

உயிருள்ள கிருமி ஏன், செத்த கிருமியின் துண்டுகள் போதாதா என்று ஒரு கேள்வி இயல்பாகவே எழும். முயன்று பார்த்தாயிற்று. வேறொரு மைக்கோபாக்டீரியத்தின் செல் சுவரையும் டி.என்.ஏவையும் பிரித்தெடுத்த தயாரிப்பை, பி.சி.ஜி தோற்ற 129 பேருக்கு அதே மொராலெஸ் கொடுத்துப் பார்த்தார். ஓர் ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 25 விழுக்காடு. உடம்பெங்கும் பரவும் பயம் இல்லை, உண்மைதான்; பலனும் அவ்வளவுதான். அந்த வழி அத்தோடு தேங்கிவிட்டது.

கிருமியைத் திருத்துவதற்குப் பதில், கிருமியோடு ஒரு தூண்டுகோலைச் சேர்ப்பது இன்னொரு பாதை. எதிர்ப்பு செல்களைத் தூண்டும் இன்டர்லூக்கின் 15 என்ற புரதத்தின் வேலையைச் செய்யும் ‘அன்க்டிவா’வைச் சாதாரண பி.சி.ஜியோடு கலந்து பைக்குள் விடுகிறார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல். பி.சி.ஜிக்கு மசியாத சி.ஐ.எஸ் நோயாளிகள் 77 பேரில் 62 விழுக்காட்டினருக்குப் புற்று முழுதாக மறைந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைரஸ் மூலம் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதத்தின் மரபணுவைச் செலுத்தும் ‘அட்ஸ்டிலாட்ரின்’ 51 விழுக்காடு. எதிர்ப்பு செல்களின் கட்டை அவிழ்த்துவிட நரம்பு வழியாக ஏற்றும் பெம்ப்ரோலிசுமாப் 41. பைக்குள் வைத்து ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தை மெல்லக் கசியவிடும் சிறு கருவியான ‘டார் 200’, 2025 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது, 82.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பெரியதைத் தேர்வதுதான் எல்லோரும் விழும் குழி. இவை ‘ஏதாவது ஒரு கட்டத்தில் மறைந்தது’ என்ற கணக்கு, வி.பி.எம்1002க்குச் சொன்னதோ ‘இத்தனை காலம் திரும்பவில்லை’ என்ற கணக்கு. பெம்ப்ரோலிசுமாபில் மறைந்தவர்களிலும் ஓராண்டுக்கு மேல் அப்படியே நின்றவர்கள் 46 விழுக்காடு, டார் 200இல் 51. நோயாளிகளும் ஒரே வகை அல்லர், எந்த ஆய்விலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. எண்ணைப் பார்க்கும் முன் அது எந்தக் கேள்விக்கு விடை என்று பாருங்கள்.

பணத்தையும் பேசாமல் இருக்க முடியாது. அன்க்டிவாவும் அட்ஸ்டிலாட்ரினும் ஒரு தவணைக்கே பல பத்தாயிரம் டாலர். பெம்ப்ரோலிசுமாப் இந்தியாவில் கிடைக்கிறது, விலை வீட்டை விற்கவைக்கும். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுவது ஜெம்சிடபினையும் டோசிடாக்சலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பைக்குள் விடும் முறை. இரண்டும் பழைய கீமோ மருந்துகள், இந்தியத் தயாரிப்பாகவே கிடைப்பவை. அமெரிக்க மருத்துவமனைகள் சில சேர்ந்து 276 பேரின் பழைய பதிவுகளைத் திரட்டியபோது, இரண்டாண்டு முடிவில் ஹை கிரேடு நோய் திரும்பாதவர்கள் 52 விழுக்காடு. அதுவும் ஒப்பீட்டுக் குழு இல்லாத கணக்குதான் என்றாலும், ஆள் எண்ணிக்கை கூடுதல், மருந்து கைவசம், காசநோய்ப் பயம் இல்லை. இன்றைய தேதியில் பி.சி.ஜி தோற்று, அறுவைக்கு மனமோ உடம்போ ஒப்பாத ஒருவர் என்னிடம் கேட்டால் இதையே முதலில் மருத்துவரிடம் பேசச் சொல்வேன். அவர் இருக்கும் ஊரில் வி.பி.எம்1002 ஆய்வு நடந்தால் அதையும் சேர்த்து.

சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவது கடைசியில் பேசப்படுவதால் கடைசித் தரம் என்று நினைத்துவிடக் கூடாது. பி.சி.ஜிக்கு உண்மையாகவே மசியாத ஹை கிரேடு நோய்க்கு இன்றும் அளவுகோல் அதுதான். பெரிய அறுவை, வயிற்றில் பை மாட்டிக்கொள்ளும் வாழ்க்கை அல்லது குடலில் செய்த புதுப் பை, ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு, முதியவர்களுக்கு உயிராபத்தும் உண்டு. ஆனால் உடம்பு தாங்கும் அறுபது வயதுக்காரர், ஒவ்வொரு புது மருந்தாகப் பார்த்துக்கொண்டே போய், புற்று தசைக்குள் இறங்கிய பிறகு அறுவைக்கு வந்தால், கையிலிருந்த நல்ல வாய்ப்பைத் தொலைத்தவராகிறார். மாற்றிய கிருமியின் ஆய்வில் சேரும்போதும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு சிஸ்டோஸ்கோப்பி (பைக்குள் டியூப் விட்டுப் பார்ப்பது), எந்த முடிவு வந்தால் அறுவைக்குப் போவது என்ற எல்லைக்கோடு, இவை எழுத்தில் இருக்கட்டும்.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் காசநோய். நெஞ்சில் இப்போது நோய் இருப்பவருக்கும், உறுப்பு மாற்றி எதிர்ப்பு குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் உயிருள்ள எந்தக் கிருமியும் கூடாது. மரபணு மாற்றியது சாது என்பது இந்த விதியைத் தளர்த்தப் போதுமான காரணம் ஆகாது. கட்டி சுரண்டி இரண்டு வாரம் ஆகாதபோது, டியூப் போடும்போது ரத்தம் வந்தபோது, கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகும்போது மருந்தைத் தள்ளிப்போட வேண்டும். “இன்னிக்கே போட்டுடலாம், பஸ் பிடிச்சு வந்திருக்கோம்” என்று நர்ஸிடம் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். கெஞ்ச வேண்டாம், இந்தக் காரணங்களுக்காக ஒரு வாரம் தள்ளினால் ஒன்றும் குடிமுழுகாது.

‘தோற்றது’ என்ற முத்திரையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆறில் குறைந்தது ஐந்தும், அடுத்த சுற்றில் குறைந்தது இரண்டும் போட்ட பிறகு, ஆறு மாதத்துக்குள் ஹை கிரேடு கட்டியோ ஓராண்டுக்குள் சி.ஐ.எஸ்ஸோ திரும்பினால்தான் ‘பி.சி.ஜிக்கு மசியாதது’ என்று கணக்கு. டி1 என்றால் மட்டும் முதல் ஆறு முடிந்து பார்க்கும்போதே ஹை கிரேடாகத் திரும்பியிருந்தால் போதும். மற்றபடி நாலு தவணையோடு நின்றுபோனவரும், மூன்றாண்டு கழித்துத் திரும்பியவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்களுக்குப் பழைய குப்பியே இன்னொரு சுற்றுக்குத் தகுதியானது. டி1 என்று வந்தவருக்கு இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் இரண்டாம் முறை சுரண்டிப் பார்த்தார்களா, அந்தத் துண்டில் தசை இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அது செய்யாமல் விட்டிருந்தால், நோய் திரும்பியதா, முதலிலேயே மிச்சம் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்தக் கிருமியைத் தேர்ந்தாலும் வீட்டு வேலை ஒன்றுதான். மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைப்பது, உட்கார்ந்துகொண்டு சிறுநீர் கழிப்பது, முதல் ஆறு மணி நேரம் ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் விடுவது. பீடி, சிகரெட் இருந்தால் அன்றே நிறுத்துவது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காமல், பி.சி.ஜி போட்டது என்று சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போவது. இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் அதைக் கேள்விப்பட்டிராமல்கூட இருக்கலாம், அதனால் மருந்துக் குப்பியின் பெயரும் போட்ட தேதியும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும்.